நான்காவது கால்

பலகையை நானே அறுத்தேன்.
பன்னிரண்டு புத்தகங்களை
உயர வரிசையில் நிறுத்தினேன்,
பள்ளிப் புகைப்படத்துக்கு நிற்கும் பிள்ளைகள் மாதிரி.
ஒன்றுகூடச் சிரிக்கவில்லை.

புந்தா அரேனாஸில் ஜூலை மாதம்
மாலை ஐந்தரைக்கே இருட்டிவிடும்.
நடப்பவர்கள் பிடித்துக்கொள்ளத்
தெருவோரம் கயிறு கட்டிவைக்கும் அளவுக்குக் காற்று.
இப்படி ஓர் ஊரில்
படிக்காமல் ஒரு பிள்ளை வேறென்னதான் செய்யும்
என்று நினைத்திருந்தேன்.
மிலெங்கா நிறையவே செய்தாள்.
நாயின் வாலில் ரிப்பன் கட்டினாள்.
ஒரு மாலை முழுக்க
சன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்தி,
எவ்வளவு தட்டையாகும் என்று பார்த்தாள்.

பக்கத்துக்கு ஒரு நட்சத்திரம் என்றேன்.
பதினேழு சேர்த்தாள்,
சாக்லேட்டாக மாற்றினாள்,
கடையைச் சாத்துவதுபோல் புத்தகத்தைச் சாத்தினாள்.
என்ன கதை என்று கேட்டேன்.
"பதினேழு பக்கக் கதை."

படி, படி என்று
நாளொன்றுக்கு எத்தனை படி போட்டேனோ,
எதிலும் அவள் கால் வைக்கவில்லை.
நண்டுத் தொழிற்சாலையிலிருந்து வந்த யஸ்னா
கையுறையைக் கழற்றியபடி கேட்டாள்:
"நீ கடைசியாக எப்போது படித்தாய்?"
வெளியே காற்று பலமாக அடித்தது.
அதைப் பற்றிப் பேசினேன்.

எங்கள் வாஷிங் மெஷினுக்கு நான்காவது கால் குட்டை.
பிழிய ஆரம்பித்தால்
பெட்டி படுக்கையோடு கிளம்பிவிடும்.
துறைமுகத்தில் யாரோ எறிந்த,
அட்டை போன புத்தகம் ஒன்றை
அதன் காலடியில் செருகி ஆறு வருஷம்.
அது புத்தகம் என்பதே மறந்துவிட்டது எனக்கு.

சனிக்கிழமை.
அவளுடைய பச்சைக் கோலிக்குண்டு மெஷினுக்கு அடியில் உருண்டது.
டார்ச்சோடு குப்புறப் படுத்தவள்
எழுந்திருக்கவில்லை.
பத்து நிமிஷம். இருபது.
குளியலறைக் கதவுக்கு வெளியே
இரண்டு பாதங்கள் மட்டும்.
பிறகு குரல்:
"அப்பா, மெஷினைத் தூக்கு."
உள்ளே துணி ஓடுகிறது என்றேன்.
"கலங்கரை விளக்கக்காரர் மேலே ஏறுகிறார்.
விளக்கை ஏற்கனவே யாரோ ஏற்றிவைத்திருக்கிறார்கள்.
மீதி காலுக்கு அடியில் இருக்கிறது.
தூக்கு."

தூக்கினேன்.
முட்டுக்கு வேறு ஏதாவது வேண்டுமே.
அலமாரியில் தங்க ஓரம் போட்ட ஒன்று,
இருப்பதிலேயே விலை அதிகம்,
கச்சிதமாகப் பொருந்தியது.

சோப்புத் தண்ணீர் குடித்து ஊதிய தாள்கள்.
எல்லாவற்றிலும் காலின் வட்டத் தழும்பு.
முதல் சில பக்கங்களில்
வட்டத்துக்குள் எழுத்தே இல்லை.
அங்கே வரும்போதெல்லாம் நிறுத்துவாள்:
"இங்கே என்ன இருந்திருக்கும்?"
தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்த நான்
"உப்பு" என்றேன்.
"இல்லை, கடிதம்" என்றாள் யஸ்னா,
ரப்பர் பூட்ஸைக் கழற்றாமல் கதவோரம் நின்று.
வாய்ப்பாடு தெரியாத இருவரை
ஆசிரியை பார்ப்பதுபோல் பார்த்தாள் மிலெங்கா.
"அவருடைய மனைவியின் பெயர்.
இல்லையென்றால் அடுத்த பக்கத்தில் ஏன் அழுகிறார்?"
அடுப்பில் சூப் தீய்ந்த வாசனை வந்தது.
யாரும் போகவில்லை.

இப்போது ஆகஸ்ட்.
நேற்று அதே இரண்டு பாதங்கள் கதவுக்கு வெளியே.
தங்க ஓரம் இந்நேரம் நனைந்து
கொஞ்சம் ஊதியிருக்க வேண்டும்.
நான் வாயைத் திறக்கவில்லை.
ஓசைப்படாமல் அலமாரிக்குப் போய்,
அடுத்த முட்டுக்கு எது சரியாக வரும் என்று
விரலால் தடிமனை அளந்தேன்.
ஒன்றை உருவினேன்.
எத்தனை பக்கம் என்று பார்க்கத்தான் திறந்தேன்.

"தூக்கு, தூக்கு" என்று
மூன்று முறை கூப்பிட்டாளாம்.